அண்ணே, இந்த சீசன் நான் ஆடவில்லை

அண்ணே,

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் லீக் தொடங்குகிறது. பிளேயர் லிஸ்டில் என் பெயர் வேண்டாம் என்று நேற்று கிளப்பில் சொல்லிவிட்டேன். அம்பயர் பரீட்சை எழுதப் போகிறேன். இது அடுத்தவர் வாய் வழியாக உங்களுக்கு வரக் கூடாது, போன் போட்டால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம்ம பசங்களும் எதிர் டீம்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். சிலதை எழுதப் போவதில்லை.

சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த கையோடு, பிட்ச்சில் விரிக்கிற தேங்காய் நார் மேட்டை எடுத்து வெயிலில் போட்டோம். இப்போதெல்லாம் அது உங்கள் வீட்டு முகப்பில் இல்லை, வேறு இடத்தில் கிடக்கிறது, ஒரு ஓரத்தை எலி கடித்துவிட்டது. முன்பு முகப்பின் ஆத்தங்குடித் தரைக் கல்லில் நார் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்து ஆச்சி போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும், திட்டி முடித்த வாயோடு சாப்பிட்டுப் போகச் சொல்வார்கள். ஆச்சி எப்படி இருக்கிறார்கள்? ஒரு பக்கம் ஆணி அடித்துவிட்டு மறுபக்கம் நாலு பேர் மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டும், சுருக்கம் விழுந்தால் பந்து முகத்துக்கு எகிறும் என்று நீங்கள் சொல்வதை இந்தத் தடவை சின்னப் பசங்களுக்கு நான் சொன்னேன். அப்படியே உங்கள் குரல் வந்தது.

நீங்கள் ரன் அவுட்டான அந்த மேட்ச்சின் ஸ்கோரெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டிங் டீம் ஆள்தான் பக்கவாட்டில் லெக் அம்பயராக நிற்க வேண்டும், நான் நின்றேன், அவ்வளவுதான். இரண்டாவது ரன்னுக்கு நீங்கள் திரும்பும்போதே எனக்கு வயிறு கலங்கியது. த்ரோ கீப்பர் கைக்கு நேராக வந்தது. நீங்கள் பேட்டை நீட்டினீர்கள். புல் பிட்சாக இருந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கும், நார் மேட்டில் பேட் நுனி குத்தி நின்றுவிட்டது, கோட்டுக்கு நாலு விரற்கடை முன்னால். பெயில்ஸ் விழுந்தது. சுண்ணாம்பு கலையவே இல்லை அண்ணே. கோட்டின் மேல் பேட் இருந்தாலே அவுட், இது கோட்டுக்கே வரவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் விரலைத் தூக்கினேன்.

1992-ல் டர்பனில் டெண்டுல்கருக்கு டிவியைப் பார்த்து ரன் அவுட் கொடுத்த கதையை எனக்குச் சொன்னதே நீங்கள்தானே, டெஸ்ட்டில் அப்படி அவுட்டான முதல் ஆள் அவர்தான் என்று. நம்ம கிரவுண்டில் ஏது டிவி, என் கண்தான். நம்ம டீம் மேல் டிவிஷனுக்குப் போகிற பிரமோஷன் கைவிட்டுப் போனதற்கு மன்னித்துவிடுங்கள். அதுதான் உங்கள் கடைசி சீசன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அதற்கும் மன்னித்துவிடுங்கள்.

ஆனால் டீக்கடையில் கிளம்பியதே ஒரு பேச்சு, நான் எதிர் டீமிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டேன் என்று. கிளப்பிவிட்டது யார் என்று இங்கே எழுத மாட்டேன். நீங்கள் இல்லை. ஆனால் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். "அவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று ஒரு வார்த்தை. சின்ன வயதில் என் கையில் கீப்பிங் கிளவுஸை மாட்டி, பெரிதாக இருக்கிறது என்று உள்ளே துணி வைத்துக் கட்டிவிட்டவருக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. எனக்கு ஆறவே இல்லை. என் அப்பா காதுக்கும் அது போனது, அதற்கு மேல் வேண்டாம்.

2016-ல் டிஎன்பிஎல், அதுதான் தமிழ்நாடு பிரீமியர் லீக், தொடங்கி "காரைக்குடி காளை" என்று டீம் வந்தபோது ஊரே துள்ளியது. ஒரு மேட்ச்கூட இங்கே நடக்கவில்லை, கொஞ்ச வருஷத்தில் டீமே திருப்பூருக்குப் போய்விட்டது. நம்ம ஊர் கிரிக்கெட் என்றால் காலையில் நாம் விரிக்கிற மேட்தான், வேறு எதையும் நம்பாதே என்றீர்கள். அந்த மேட்டை விட்டு ஒதுங்கியது நீங்கள். நான் இல்லை.

சரி. ரோலர் கைப்பிடியில் வெல்டிங் விட்டிருக்கிறது, போன தடவை எங்கே கொடுத்துச் சரிபண்ணினீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் எட்டரைக்கு, மேட் விரிக்க ஆறு மணிக்கே பசங்கள் வந்துவிடுவார்கள். நான் அன்றைக்கு வேறு கிரவுண்டில் ஸ்கோர் எழுதப் போகிறேன், அதனால் என் முகத்தில் விழிக்க வேண்டியிருக்காது. போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.