கஜாவுக்கு முந்தைய தோப்புப் படங்கள்

சொந்தங்களே, 2018 நவம்பரில் கஜா புயல் சாய்ப்பதற்கு முன் நம் பட்டுக்கோட்டை தென்னந்தோப்பில் எடுத்த படங்கள் பலருக்கும் கூகுள் போட்டோஸில் மட்டும்தான் இருக்கின்றன. தாத்தா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் படமும் அதில்தான். இரண்டு வருடம் திறக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். தயவுசெய்து இந்த வாரமே இறக்கி வையுங்கள்.

கம்ப்யூட்டரில் கூகுள் டேக்அவுட் (கூகுளில் இருக்கும் நம் படங்களை மொத்தமாக இறக்கித் தரும் பக்கம்) போய், எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு போட்டோஸை மட்டும் தேர்வு செய்யுங்கள். மெயிலில் லிங்க் வரும். சில நாளில் காலாவதியாகிவிடும், உடனே இறக்குங்கள். இறங்கிய ஜிப் ஃபைலைப் பிரித்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வையுங்கள். அப்புறம், போட்டோஸ் ஆப்பில் அழித்தால் போனிலிருந்தும் போய்விடும், கவனம். அத்தை, சித்தப்பா, உங்கள் போன்களைப் பொங்கலுக்கு வரும்போது நானே பார்த்துத் தருகிறேன்.