பார்க்காத படகுக்குப் ‘பார்த்தோம்’ என்று அறிக்கை: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
கார்வார் மரப் போட்டு (விசைப்படகு) வாங்கிய வாடிக்கையாளர்,
முட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
பழைய படகு விற்பனைத் தளம்,
பெங்களூரு அலுவலகம்.

பொருள்: சோதனை அறிக்கையில் உள்ள போட்டு ஒன்று, வந்து இறங்கிய போட்டு வேறொன்று.

ஐயா / அம்மா,

உங்கள் தளம் வழியாகக் கர்நாடகக் கரையில் உள்ள கார்வாரில் இருந்து பழைய மரப் போட்டு ஒன்று வாங்கினேன். போட்டின் விலை ரூ. 3,40,000. உங்கள் ஆள் நேரில் போய்ப் பார்த்துச் சொல்வதற்கு ரூ. 18,000. முட்டத்தில் கொண்டுவந்து இறக்க ரூ. 1,15,000. மூன்றையும் உங்கள் கணக்கில்தான் கட்டியிருக்கிறேன், ரசீதுகள் இணைப்பில் உள்ளன. உங்கள் ஆள் அந்தப் போட்டின் பக்கமே போகவில்லை என்பதுதான் என் புகார். போனில் பேசிய தம்பி, “பழைய படகுன்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும்” என்றார். பழைய படகு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். என் தொழிலே படகு கட்டுவதுதான்.

இந்தப் போட்டு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று நாளை உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். நான் இதை மீன்பிடிக்க வாங்கவில்லை, திருப்பி விற்கவும் வாங்கவில்லை. 1980களில் எங்கள் ஊரில் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கியபோது, கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வள்ளத்துக்கு மாறினார்கள். அந்தக் கால வள்ளம் ஒன்றும் அதற்கு முந்திய கட்டுமரம் ஒன்றும் என் கொட்டகையில் இருக்கின்றன. இல்லாதது மரப் போட்டு. இப்போது கரையில் கட்டுவதெல்லாம் ஃபைபர், இல்லாவிட்டால் இரும்பு. வங்கு (படகுக்கு விலா எலும்பு மாதிரி இருக்கும் வளைந்த சட்டம்) வளைத்துப் பலகை ஏற்றத் தெரிந்த ஆசாரிமார் எல்லாருக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே பழைய போட்டு ஒன்றைப் பிரித்து, அளவெடுத்து, பழுது பார்த்து நிறுத்தவேண்டும் என்பது என் ஆசை.

தேடாத இடமில்லை. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து 1952இல் ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டு கொல்லம் பக்கம் நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் தொடங்கிய மீன்பிடித் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் விளம்பரத்திலேயே அந்தப் பெயரைப் போட்டுத்தானே ஆள் பிடிக்கிறீர்கள். அதனால் நான் முதலில் போனது நீண்டகரைக்கு. அந்தக் கால மரம் எதுவும் அங்கே மிச்சமில்லை, உடைத்து விறகாக விற்றுவிட்டோம் என்றார்கள். திட்டம் பின்னால் கண்ணூர், கார்வார், மண்டபம் என்று விரிந்தது. மண்டபத்தில் விசாரித்ததிலும் பலனில்லை. அப்புறம் தூத்தூரில் இருக்கும் மச்சானிடம் சொல்லி வைத்தேன். தூத்தூர், சின்னத்துறை ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் கொச்சி, கோவா, குஜராத் வரை போகிறவர்கள். அவர்கள் கண்ணில் படாத துறைமுகம் மேற்குக் கரையில் இல்லை. கார்வார் பக்கம் ஒரு கிழட்டுப் போட்டு கிடக்கிறது என்று அவர் சொன்ன சமயத்தில்தான் உங்கள் விளம்பரமும் வந்தது. 32 அடி, அயினிப் பலகை, தேக்கு வங்கு, செம்பு ஆணி, அடியில் பழைய செம்புத் தகடு அப்படியே இருக்கிறது, ‘நார்வே திட்டக் காலத்தது’ என்று போட்டிருந்தீர்கள். படங்களும் நன்றாக இருந்தன. அணியம் (படகின் முன்முனை) எழும்பி நிற்கும் வாகு, பலகை ஓடும் வரிசை எல்லாம் நான் தேடியது மாதிரியே இருந்தது.

கார்வார் எனக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தூரத்தில் கிடக்கும் படகை வாங்குகிறவனுக்காகத்தானே ‘நேரடிச் சோதனை’ என்று ஒரு சேவையை வைத்து, ‘நீங்கள் வரவேண்டாம், எங்கள் நிபுணர் உங்கள் கண்’ என்று விளம்பரமும் செய்கிறீர்கள்? அந்தக் கண்ணுக்குக் கொடுத்த கூலிதான் ரூ. 18,000.

சரி, அறிக்கைக்கு வருகிறேன். படகைச் சோதித்த நாள் ஜூலை நடுவில் என்று அதில் இருக்கிறது. ‘சோதனையின்போது எடுத்தது’ என்று கீழே நான்கு படங்கள். அவற்றில் ஒன்றில் போட்டு துறையில் கட்டி நிற்கிறது, பக்கத்தில் மீன் பெட்டி இறக்குகிறார்கள், பின்னால் விசைப்படகுகள் வரிசையாக உள்ளே வருகின்றன. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கர்நாடகத்துக்கும் அதுதான், எங்கள் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கும் அதுதான். எங்கள் மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்கு மட்டும் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டு தடையும் ஒரே மாவட்டத்தில் நடப்பதால் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தேதி மனப்பாடம். ஜூலை நடுவில் கார்வாரில் எந்த விசைப்படகு மீன் இறக்கியது? உங்கள் நிபுணர் பதில் சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தடைக்காலம்தான் படகைச் சோதிக்க நல்ல காலம். எல்லாரும் படகைக் கரையேற்றி வைத்திருப்பார்கள். ஏரா (படகின் அடியில் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு மரம்) முழுசாகக் கண்ணுக்குத் தெரியும், குனிந்து ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்க்கலாம். உண்மையிலேயே ஜூலையில் ஒரு ஆள் போயிருந்தால் அடிப்பாகத்தின் படம் ஒன்றாவது எடுத்திருப்பார். அறிக்கையில் அப்படி ஒரு படமும் இல்லை. ‘அடிப்பாகம்: நன்று’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது.

அதே படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். அணியத்தில் எழுதியிருக்கும் பதிவெண்ணில் மாநில எழுத்து ‘கேஎல்’. அது கேரளம். நீங்கள் அனுப்பிய பதிவுச் சான்று நகலில் ‘கேஏ’, கர்நாடகம். ஒரே போட்டுக்கு எப்படி இரண்டு மாநிலம்?

இனி வந்து சேர்ந்த போட்டின் கதை. கிரேனில் தூக்கும்போதே மனசுக்குச் சரியாகப் படவில்லை. வெளிப்பக்கம் முழுக்க ஃபைபர் போர்த்தி, மேலே புது பெயின்ட். விளம்பரத்தில் ஃபைபர் என்ற சொல்லே கிடையாது. குளச்சலில் இருந்து வந்திருந்த வயதான ஆசாரி அண்ணன், சுத்தியலின் பின்பக்கத்தால் அங்கங்கே தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நல்ல மரம் கணீரென்று பேசும், இது பொத் பொத்தென்றது. ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஃபைபரை உரித்து உள்ளே உளியை வைத்தார். உளி கைப்பிடி வரை இறங்கிவிட்டது. “தம்பி, இது பலகையில்ல, புட்டு மாவு” என்றார்.

மரத்துக்கு உப்புத் தண்ணீர் அவ்வளவு பகை இல்லை, மழைத் தண்ணீர்தான் பகை. மேல்தட்டு இடுக்கு வழியாக மழை உள்ளே இறங்கி, வெளியே ஃபைபர் மூடியிருப்பதால் காய வழியில்லாமல், மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். பழைய மரப் படகில் ஃபைபர் போர்த்தியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதே அதைத்தான். போய்ப் பார்த்த எந்த ஆளுக்கும் இது தப்பாது. செம்பு ஆணி என்றீர்கள். காந்தத்தை வைத்தால் பச்சென்று ஒட்டுகிறது, அத்தனையும் இரும்பு ஆணி. செம்பில் காந்தம் ஒட்டாது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அடியில் செம்புத் தகடு இல்லை, இருந்து பிரித்த அடையாளமும் இல்லை. எஞ்சின் என்று உள்ளே இருப்பது ஒரு லாரி எஞ்சின், அதற்கும் கியர்பாக்ஸ் கிடையாது. எஞ்சினைப் பற்றி நான் பெரிதாகப் பேசப்போவதில்லை, எனக்கு வேண்டியது மரம்தான்.

கொண்டுவந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். போட்டின் அகலம் 10 அடி, அதாவது 3 மீட்டருக்கு மேல். மோட்டார் வாகன விதிப்படி சாலையில் போகும் வண்டி சுமையோடு சேர்த்து 2.6 மீட்டர் அகலத்துக்கு மேல் இருந்தால் தனி அனுமதி வாங்க வேண்டும். ‘எல்லா அனுமதியும் எங்கள் பொறுப்பு’ என்று உங்கள் கொட்டேஷனில் எழுதியிருக்கிறது. களியக்காவிளையில் வண்டியை நிறுத்திக் கேட்டபோது டிரைவரிடம் ஒரு தாளும் இல்லை. அபராதம், வண்டி நின்ற காத்திருப்புக் கூலி எல்லாவற்றையும் நான் கட்டிய பிறகே நகர்ந்தது. அதற்கான ரசீதும் இணைப்பில் உள்ளது.

அதற்கும் மேலே, போட்டைப் பழைய டயர்கள்மேல் சும்மா கிடத்தி, கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மரப் படகின் பாரம் ஏராவில் உட்கார வேண்டும். இருபுறமும் வங்கு இருக்கும் இடம் பார்த்து முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்குக்கு நடுவே வெறும் பலகையில் பாரம் ஏறினால் பலகை பிளக்கும். பிளந்திருக்கிறது, வலப்பக்கம் அடியில் ஒரு முழ நீளத்துக்கு. உளுக்காமல் இருந்த கொஞ்ச மரமும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

பதிவுக் காகிதம் மூன்றாவது தலைவலி. பதிவுச் சான்றின் ஜெராக்ஸ் மட்டும்தான் தந்தீர்கள். கர்நாடக மீன்வளத் துறையில் பழைய பதிவை ரத்து செய்த கடிதமோ, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்ற கடிதமோ தரவில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் பயன்படுத்தியது போர்பந்தரில் பதிவான ஒரு மீன்பிடிப் படகு. அதற்கப்புறம் கரையில் புதுசாக ஒரு படகு தெரிந்தால் எண்ணும் காகிதமும் கேட்காமல் விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டும். இறக்கிய மறுநாளே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் இருந்து வந்து விசாரித்தார்கள். ஜெராக்ஸைக் காட்டிக்கொண்டு நான் எத்தனை நாள் ஓட்ட முடியும்? இந்தப் பதிவெண் யார் பேரில் உயிரோடு இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் சுருக்கி ஏற்கெனவே உங்களுக்கு மெயில் அனுப்பினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. நான் சொன்னது கருத்து அல்ல, புகார். 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகள்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்கவும் வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். சோதனைக் கட்டணத்தையும் போட்டின் விலையையும் கொண்டுவந்த கூலியையும், ஆக ரூ. 4,73,000ஐ முழுசாகத் திருப்பித் தாருங்கள். களியக்காவிளையில் நான் கட்டியதையும் சேர்த்துத் தாருங்கள். கிடக்கும் போட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த முறையாவது அனுமதி வாங்கிவிட்டு வண்டி அனுப்புங்கள். எடுக்கும் வரை என் கொட்டகையில் வாடகை கேட்காமல் கிடக்கட்டும், ஆனால் அடுத்த தடைக்காலத்தில் பழுதுக்கு வரும் வள்ளங்களுக்கு அந்த இடம் எனக்கு வேண்டும்.

வழக்கு என்றால் பெங்களூருவில்தான் போட முடியும் என்று உங்கள் விதிமுறையில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34, புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, எனக்கு ஒரு பஸ் தூரம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் வழக்குக் கட்டணமும் இல்லை. அங்கே போகவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை, பட்டறையில் வேலை கிடக்கிறது. ஆனால் போகமாட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். உரித்த பலகையையும் ஆணிகளையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். தட்டிப் பார்த்ததில் இருந்து உளி இறங்கியது வரை வீடியோவும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது புகாரில் சேராது. உங்கள் அறிக்கைப் படத்தில் இருக்கும் அந்தக் கேரளப் போட்டு யாருடையது? அந்தப் படத்தை உங்கள் ஆள் எங்கிருந்து எடுத்தார்? மரத்தைப் பார்த்தால் நல்ல நிலையில் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. உடைமைக்காரர் விற்கச் சம்மதிப்பாரா என்று கேட்டு, அவரிடம் அனுமதி வாங்கி, தொடர்பு எண்ணை எனக்கு அனுப்புங்கள். சோதிக்க உங்கள் ஆள் வரவேண்டாம். ஆசாரி அண்ணனைக் கூட்டிக்கொண்டு நானே போய்க்கொள்கிறேன்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
முட்டம் பட்டறைக்காரன்

இணைப்பு: பணம் கட்டிய ரசீதுகள், கொட்டேஷன் நகல், சோதனை அறிக்கையும் அதன் நான்கு படங்களும், பதிவுச் சான்று ஜெராக்ஸ், களியக்காவிளை ரசீது, உரித்த இடத்தின் படங்கள்.