ஐபிஎஸ் வீடு ஒழுகினால் இணைப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் புதுத் தாமான் (குடியிருப்பு) வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "ஐபிஎஸ் வீடா, வேண்டவே வேண்டாம், மழைக்கு ஒழுகும், ஆணிகூட இறங்காது" என்று முடித்துவிடுகிறார்கள். ஐபிஎஸ் என்றால் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் சுவர்களைக் கொண்டுவந்து இணைத்துக் கட்டும் முறை. கட்டுமான வேலையிலேயே காலம் தள்ளுகிறவன் என்பதால் எழுதுகிறேன். ஆணி இறங்காதது உண்மைதான், அது கான்கிரீட் சுவர், டிரில் போட்டுத்தான் சாமிப் படம் மாட்ட வேண்டும். ஒழுகுவது வேறு கதை.

இது நேற்று வந்த முறை அல்ல. கோலாலம்பூர் பெக்கெலிலிங், பினாங்கு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் 1960-களிலேயே இப்படித்தான் எழும்பின. 10 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட அரசாங்கத் திட்டங்களில் ஐபிஎஸ் மதிப்பெண் (இந்த முறை எவ்வளவு பயன்படுகிறது என்ற கணக்கு) 70-க்குக் குறையக்கூடாது என்று 2008-லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. அதனால் பழக்கமில்லாத வேலை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

தொழிற்சாலையில் வார்த்து வரும் சுவர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதை லோரியில் ஏற்றி, கிரேனில் தூக்கி நிறுத்தி, இடைவெளியில் கிரவுட் என்கிற சிமெண்டுக் கலவை ஊற்றி, வெளிப்பக்கம் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் பசை அடிக்கிற இடத்தில்தான் காரியம் கெடுகிறது. கிரவுட் முழுசாக இறங்கியதா என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஈரத்திலும் தூசியிலும் அடித்த சீலண்ட் பிடிக்காது, ஆனால் மத்தியானத்துக்கு மேல் கொட்டுகிற நம் ஊர் மழைக்கு அப்புறம் சுவர் காயட்டும் என்று எந்தக் குத்தகையாளர் காத்திருக்கிறார்? செங்கல் சுவர் கொஞ்சம் கோணினாலும் கொத்தனார் பூச்சில் சரிக்கட்டிவிடுவார், இதில் அந்த வசதி இல்லை. ஆக, வேலை தெரிந்த ஆள் முன்னைவிட அதிகம் தேவை. நடப்பதோ தலைகீழ். பெரிய குத்தகையாளர் சின்னவருக்குக் கொடுக்க, அவர் இன்னொருவருக்குத் தள்ளிவிட, முதல் வரிசை வீட்டுக்கு இணைப்புப் போட்ட ஆட்கள் கடைசி வரிசைக்கு இருப்பதில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) தேர்ச்சிச் சான்றிதழ் வாங்க வைக்கலாமே என்று கேட்டால், "நிற்கமாட்டார்கள்" என்கிறார்கள். கொடுக்கிற தினக்கூலியை முதலில் சொல்லட்டும்.

சிறு பட்டணத்தில் இன்னொரு சிக்கல். ஐம்பது அறுபது வீட்டுக்கு, சுவர் வார்க்கும் அச்சுக்கு ஆகிற செலவு கட்டுப்படியாகாது. அதனால் பாதி அச்சுச் சுவர், பாதி செங்கல் என்று கலந்து கட்டுகிறார்கள், இரண்டும் சேரும் இடத்தில்தான் விரிசல் விடுகிறது.

சரி, வாங்கியவர் என்ன செய்வது? சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், எழுத்தில் புகார் கொடுத்த 30 நாளுக்குள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், கடிதம் கொடுத்து, நகலில் சாப்பு (முத்திரை) வாங்கி வையுங்கள். வீட்டு விலையில் 5 விழுக்காடு மேம்பாட்டாளரின் வழக்கறிஞர் கையில் இருக்கும், பாதி 8 மாதம் வரை, மீதி 24 மாதம் வரை. அவர்கள் அசையாவிட்டால், வெளியாளிடம் செலவு மதிப்பீடு வாங்கி முறைப்படி தெரிவித்து, அந்தப் பணத்திலிருந்து எடுக்க வழி உண்டு. இது தெரியாமலே 24 மாதத்தையும் கடத்திவிட்டுப் புலம்புகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வீடு வாங்குவோர் நடுவர் மன்றமும் 50,000 ரிங்கிட் வரை வழக்கை எடுக்கும். ஒழுகுகிறதா என்று தெரிய, குளியலறைத் தண்ணீர்ப் போக்கை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள், மாடி வீடென்றால் கீழ் அறைக் கூரையைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒன்று. நம்மவர்கள் சாவி வாங்கிய கையோடு பின்னால் அடுப்படியை நீட்ட சுவரை உடைக்கிறார்கள். கான்கிரீட் சுவர் வீட்டில் அந்தச் சுவரே பாரம் தாங்குவதாக இருக்கலாம், உடைத்தால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஆபத்து. எந்தச் சுவரைத் தொடக்கூடாது என்று காட்டும் வரைபடத்தை மேம்பாட்டாளர்கள் சாவியோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள், நகராண்மைக் கழக அனுமதி வரும்வரை சுத்தியலை எடுக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
கட்டுமானத் தொழிலில் உள்ள ஒரு வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்