விதை நெல்லும் உன் ஆராய்ச்சிப் பிரிவும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. அடுத்த பக்கத்திலேயே அதைக் கெடுத்துவிட்டாய். பம்புசெட் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவை மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் சொல்கிறார்கள், நீயும் தலையாட்டப் போகிறாய் என்கிறாய். "நாம் காசைப் போட்டுக் கண்டுபிடிப்போம், பக்கத்து ஷெட்காரன் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து அதையே செய்வான்." உன் வாதத்தில் தப்பில்லை. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962இலேயே இதைத்தான் எழுதினார். பலன் முழுக்கத் தன் பெட்டிக்கு வராத வேலையில், ஊருக்குத் தேவையான அளவுக்கு எந்த முதலாளியும் காசு போடமாட்டான். ஆனால் உன் பம்பில் ஓரளவாவது லாபம் நிற்கும். நெல்லில் அதுவும் கிடையாது.

இங்கே ஐப்பசிக் கடைசியில் அடித்த மழையில் எங்கள் வடக்கு வயல் வரப்புத் தெரியாமல் முங்கிவிட்டது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இறங்கித் தூரில் கைவைத்துப் பார்த்தேன். இலையெல்லாம் சேறு பூசித் துவண்டு கிடந்தது. தூர் கெட்டியாக இருந்தது, குருத்துப் பச்சையாக இருந்தது. பக்கத்து வயலில் வேறு ரகம், இழுத்ததும் அழுகிக் கையோடு வந்துவிட்டது. நான் போட்டிருந்தது சி.ஆர். 1009 சப்-1, வெள்ளம் தாங்கும் நெல் ரகம். மற்ற நெல் முங்கினால் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டப் பார்த்து, இருக்கிற சக்தியையெல்லாம் செலவழித்துச் செத்துப்போகும். இது வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும்.

அந்தக் குணம் ஒரிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாய் வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து வந்தது. அரசாங்க ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் பொறுக்கியெடுத்து எஃப்.ஆர். 13ஏ என்று பெயரிட்டார்கள். அந்த மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று 1996இல் தெரிந்தது, அதுதான் என்று 2006இல் உறுதியானது, அதைச் சேர்த்த ஸ்வர்ணா சப்-1 நெல் இந்தியாவில் 2009இல் வெளியானது. அதற்கப்புறம்தான் நம் 1009. கட்டாக், பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையங்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்று சுற்றியது எல்லாம் பெரும்பாலும் பொதுப்பணம். எந்தக் கம்பெனிக் கணக்கர் இத்தனை வருஷம் பொறுப்பார்?

பொறுத்தாலும் விற்க முடியாது. நான் விதை வாங்கியது முதல் தடவை மட்டும்தான், அப்புறம் சொந்த நெல்தான் விதை. மச்சான் ஒரு மூட்டை கொண்டுபோனான், அவனிடமிருந்து அவன் சம்பந்தி. 2001ஆம் ஆண்டுச் சட்டமே விவசாயி விதையை வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்டு போடாமல் விற்கவும் செய்யலாம் என்கிறது. அமெரிக்காவில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குக் கம்பெனிகள் போட்டி போட்டதற்குக் காரணமே, விளைந்ததையே விதைத்தால் அதே மகசூல் வராது, அந்த விதையை வருஷாவருஷம் வாங்கியாக வேண்டும் என்பதுதான். அந்தச் சோள ஆராய்ச்சிக்குப் போட்ட ஒரு டாலர் ஆண்டுக்கு ஏழு டாலராகச் சமூகத்துக்குத் திரும்பியது என்று பொருளியலாளர் ஸ்வி கிரிலிக்கஸ் 1958இல் கணக்குக் காட்டினார். ஜெயித்த ஆராய்ச்சியை எடுத்துப் போட்ட கணக்கு அது, அதை அவரே சொல்லிவிட்டார். தோற்றதையெல்லாம் சேர்த்தால் குறையும். குறைந்தாலும் நல்ல லாபம்தான் என்பது என் எண்ணம்.

நம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் வந்தது. 1960களில் அவர்களுடைய ஆடுதுறை 27 நெல் குறுவைக்கு வந்தபோது எங்கள் அப்பா தயங்கித் தயங்கித்தான் போட்டார். அதில் கிடைத்த லாபம் நிலையத்துக்கா போனது? ஊருக்கு, ரைஸ்மில்லுக்கு, ரேஷன் வாங்கியவர்களுக்குப் போனது. அதனால்தான் "ஆராய்ச்சி லாபமா நஷ்டமா" என்று உன் பங்குதாரர்கள் கேட்பது எனக்குப் பாதிக் கேள்வியாகத் தெரிகிறது. லாபம் யார் மடியில் விழுகிறது என்று கேட்டால்தான் செலவு யார் தலையில் என்பது தெரியும்.

நம் நாடு 2020-21இல் ஆராய்ச்சிக்குப் போட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், அதில் தனியார் பங்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். தென்கொரியா 5 சதவீதத்தையொட்டிப் போடுகிறது, அங்கே முக்கால்வாசி கம்பெனிகள் கொடுப்பது. நம் கம்பெனிகளை இழுக்கத்தான் ஒரு ரூபாய் ஆராய்ச்சிச் செலவுக்கு, வரி போடும் வருமானத்தில் இரண்டு ரூபாய் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2017இல் ஒன்றரை ஆக்கி, 2020இல் ஒன்றுக்கு ஒன்று ஆக்கிவிட்டார்கள். கழிவு தாராளமாக இருந்தால் சாதாரணச் செலவையும் ஆராய்ச்சி என்று எழுத ஆசை வரும், அதை நான் மறுக்கவில்லை. 2025 ஜூலையில் ஆராய்ச்சிக்கென்று ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். தனியாருக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்டகாலக் கடன். ஆனால் அது ஓரளவு தேறிவிட்ட தொழில்நுட்பத்துக்குத்தான். எஃப்.ஆர். 13ஏ போல பலன் எப்போது வரும் என்றே தெரியாத வேலைக்கு அதில் இடமில்லை. அதை அரசாங்கம் நேராகச் செய்யவேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குக் கடன் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கையைக் கழுவிவிடக்கூடாது.

சரி, உன் பிரிவுக்கு வருகிறேன். மூடாதே. அடுத்தவன் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ளவும் ஆள் வேண்டும். பக்கத்து ஷெட்காரன் உன் பம்பைப் பிரித்துப் பார்த்துச் செய்கிறான் என்றால் அவனிடம் விவரமான ஒரு ஃபிட்டராவது இருக்கிறான் என்று அர்த்தம். உன் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும் அந்த இரண்டு பையன்களையும் வேலையைவிட்டு அனுப்பினால் நாளைக்கு நீ யாரைப் பார்த்தும் எதையும் செய்ய முடியாது. வேண்டுமானால் செலவைச் சுருக்கு. சேற்றுத் தண்ணீரில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்கிறது என்று சொன்னாயே, அந்த ஒரு வேலையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்.

தை அறுவடை முடிந்ததும் அவர்களை இங்கே அனுப்பு. வாய்க்காலில் வேண்டிய மட்டும் சேறு இருக்கிறது, மோட்டார் கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது. சாப்பாடு நம் வீட்டில். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
கணேசன்