அக்கறை இல்லாதவர்கள் நாங்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்தல் ஆணையர் நியமனம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் கூடித்தான் ஆணையரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், அதே ஆண்டு டிசம்பரில் ஒன்றிய அரசு சட்டம் போட்டு நீதிபதியின் இடத்தில் ஒன்றிய அமைச்சர் ஒருவரை வைத்ததையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். சரி. ஆனால் நடுவே ஒரு வரி: புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடக்காததை மக்களே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

எங்கள் ஊர்க் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1968இல் நகராட்சித் தேர்தல். அடுத்தது 2006இல், அதுவும் நீதிமன்றப் படி ஏறிய பிறகு. 2011இல் பதவிக்காலம் முடிந்தது, அதோடு நின்றது. 2021இல் தேதி அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்குப் போனது, அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்த வேண்டிய மாநிலத் தேர்தல் ஆணையரை யார் நியமிப்பது என்று ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் நடந்த இழுபறியை நீங்களே நாள்தோறும் செய்தியாகப் போட்டீர்கள். இதில் எந்த இடத்தில் மக்கள் அக்கறை இல்லாமல் இருந்தார்கள்?

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. பல தேர்தல்களில் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தவள். இயந்திரத்துக்குச் சீல் வைத்து, பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் கட்சி ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்கி, பெட்டியை ஒப்படைக்க நடுராத்திரியில் வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த நேரத்தில் எங்களை யாரும் அதட்ட முடியாது. தேர்தல் வேலையில் இருக்கும்வரை நாங்கள் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவு. முடிவு வந்ததும் பழைய மேலதிகாரிகள்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவர் கள்ள ஓட்டுப் போட வந்தவரைத் திருப்பி அனுப்பினார். தேர்தல் முடிந்த கொஞ்ச நாளில் ஆந்திரத்துக்கு நடுவே இருக்கும் எங்கள் யானம் பகுதிக்கு அவருக்கு மாற்றல் வந்தது. வயதான தாயாரை விட்டுவிட்டுப் போனார். சுதந்திரமான ஆணையம் என்று எழுதுகிறவர்கள் இந்த ஊழியர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2006க்குப் பிறகு கொஞ்ச காலம், தெருவில் கால்வாய் அடைத்தால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டினோம். திட்டினாலும் ஆள் அனுப்புவார், அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வர வேண்டுமே. இப்போது மனு கொடுத்தால் முத்திரை குத்திய நகல் கிடைக்கிறது. ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் வாசற்படி ஏறுகிறது. எங்கள் தெருப் பெண்கள் அந்த நகல்களை ஃபைல் போட்டு வைத்திருக்கிறார்கள். இவர்களைத்தான் உங்கள் கட்டுரை அக்கறையற்றவர்கள் என்கிறது. சட்டமன்றத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? நாங்கள் ஓட்டுப் போட்டு 30 பேரை அனுப்பினால், ஒன்றிய அரசு மூன்று பேரை நியமிக்கிறது. அவர்களுக்கும் அங்கே ஓட்டு உண்டு.

அரசு ஊழியரை மாநிலத் தேர்தல் ஆணையராக வைக்கக் கூடாது என்று கோவா வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு, ஆனால் போதாது. தேதி குறிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். அந்தத் தேதிக்கு முன் வர வேண்டிய இடஒதுக்கீட்டு ஆணையும் ஊழியரும் பணமும் அரசின் கையில். அதில் ஒரு கோப்பு நகராவிட்டால் தேர்தலே இல்லை. வார்டு எல்லையை வகுக்கும் மறுவரையறை, எந்த வார்டு யாருக்கு என்று முறை மாற்றும் இடஒதுக்கீட்டுச் சுழற்சி இரண்டும் ஆணையத்தின் பொறுப்பாகச் சட்டத்திலேயே வர வேண்டும். டெல்லி ஆணையருக்காக இவ்வளவு எழுதுகிறீர்கள், எங்கள் ஆணையருக்காகவும் எழுதுங்கள் ஐயா.

அதுவரை ஓர் உதவி. வார்டு வரைவுப் பட்டியல் அரசிதழில் வெளியானால், ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற இரண்டையும் புதுச்சேரிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். அரசிதழ் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, உங்கள் இதழ் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
புதுச்சேரி.