வெள்ளாற்று வலையில் இந்த மழைக்காலம்

பரங்கிப்பேட்டை
மார்கழி 5

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு. நார்வேயில், பெர்கனில் மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது என்று அலுத்துக்கொண்டிருந்தாய். இங்கே ஐப்பசியில் பிடித்த மழை இன்னும் முழுசாக விடவில்லை. வீட்டில் துணி காய்ந்து பத்து நாளாகிறது.

நீ எழுதியிருந்த கலனஸ் சமாச்சாரத்தை, அதுதான் உங்கள் குளிர்கடலில் மிதக்கிற அந்தக் குட்டி ஓட்டுயிரின் கதையை, இரண்டு தடவை படித்தேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உடம்பில் எண்ணெய்ப் பையை நிரப்பிக்கொண்டு, குளிர்காலம் முழுக்க 500 மீட்டருக்குக் கீழே போய்ப் பட்டினியாகக் கிடந்து, பிப்ரவரி மார்ச்சில் பாசி பூக்கிற நேரம் பார்த்து மேலே ஏறி வருகிறதே, அதற்கு யாரடா நாள் குறித்துக் கொடுக்கிறார்கள்? அதன் சொந்தக்காரர்களான நம் வெள்ளாற்றுக் கோபிபாடுகள் அந்த மாதிரி இறங்கி ஒளிய நினைத்தாலும் ஆழம் வேண்டுமே. முகத்துவாரத்தில் ஐந்து மீட்டர் இருந்தாலே பெரிசு.

உனக்கு அங்கே வெளிச்சமும் குளிரும் பருவத்தைப் புரட்டுகின்றன. இங்கே எல்லாம் உப்புதான். தண்ணீரின் சூடு வருஷம் முழுக்க 25 டிகிரிக்கும் 32க்கும் நடுவில்தான் ஆடுகிறது. உப்பு அப்படியா? மே மாதம் உப்பு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 34 காட்டிய அதே இடத்தில் வெள்ளம் வந்தால் 5க்குக் கீழே போய்விடுகிறது. சித்திரை வைகாசியில் இந்த மிதவை உயிர்களால் வலை நிரம்பும், ஐப்பசி கார்த்திகையில் காலியாகும் என்று நாம் இரண்டு பேரும் ஆய்வேட்டில் எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் வெள்ளம் கொஞ்சம் வடிந்ததும் வலையோடு போனேன். அதே அரை மீட்டர் வாய், 158 மைக்ரான் கண். இருபது நிமிஷம் மேல்தண்ணீரில் இழுத்தோம். வாளியில் ஆகாயத்தாமரை வேர், மக்கின இலை, சேறு. லென்ஸை வைத்துப் பார்த்தால் நன்னீர் ரோட்டிஃபரும் நாலைந்து தண்ணீர்த் தெள்ளும்தான். ‘ஏறக்குறைய ஒன்றுமில்லை’ என்று நோட்டில் எழுதிவிட்டேன். படகு ஓட்டுகிற அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேல கெடக்குறது ஆத்துத் தண்ணி சார். நம்ம தண்ணி அடியில கெடக்கு. கல்லக் கட்டி எறக்கிப் பாருங்க.”

இறக்கினோம். அடித்தண்ணீரில் உப்பு 22. வாளியில் அக்கார்ட்டியா, ஆய்த்தோனா என்று கோபிபாடுகள், கூடவே கண்ணாடி ஊசி மாதிரி இரண்டு அம்புப்புழு. ஒன்றின் வயிற்றுக்குள் விழுங்கின கோபிபாட் முழுசாகத் தெரிந்தது, சிவப்புக் கண் உள்பட. முப்பது வருஷமாக வகுப்பில் ‘உப்பு நீர் கனமானது, அடியில் தங்கும்’ என்று பாடம் நடத்துகிறவன் நான்! ஃபார்மலின் ஊற்றுகிறபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதினதை அடித்துவிட்டு, ‘மேலே ஒன்றுமில்லை’ என்று திருத்தினேன்.

அதற்காக மழைக்காலக் குறைவே பொய் என்று நான் சொல்லவில்லை. பெருவெள்ளம் வருகிற நாளில் அடித்தண்ணீரையும் சேர்த்துக் கடலுக்குத் தள்ளிவிடும், அப்போது எங்கே வலை போட்டாலும் ஒன்றுதான். அக்கார்ட்டியா வகைகளில் சில, சேற்றில் உறங்கும் முட்டை இட்டு வைக்கின்றன. மிச்சம் ஏற்றத்தோடு கடலிலிருந்து திரும்பி வந்துவிடும். ஆனால் நாம் மேல்தண்ணீரை மட்டும் அள்ளிவிட்டுப் போட்ட அந்த வரைபடம் இருக்கிறதே, அதில் நவம்பர் பள்ளம் எவ்வளவு மழையால், எவ்வளவு நம் சோம்பலால் என்று இப்போது பிரிக்க முடியாது. நாலு மீட்டர் கயிறு போதும், அதைக்கூட நாம் விடவில்லை.

இன்னொன்று. எண்ணிக்கை ஏறினால் வகையும் ஏறும் என்று பிள்ளைகள் இப்போதும் எழுதிக் கொண்டுவருகிறார்கள். 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் அலை நீலமாக மின்னியதே, அந்த நாக்டிலூக்கா என்ற ஒளிரும் ஒற்றைச்செல் உயிர் பெருகுகிற சமயம் வலை போட்டால் வாளி கஞ்சி மாதிரி நிறையும், வகை எண்ண ஒரு கை விரல் போதும். தை மாசியில் எண்ணிக்கை சுமார்தான், ஆனால் ஒரு தட்டில் கடலதும் ஆற்றதுமாக, நண்டுக் குஞ்சும் சிப்பிக் குஞ்சும் எல்லாம் கலந்து கிடக்கும். எனக்கு அந்த மாதங்கள்தான் பிடிக்கும், எண்ண ஆரம்பித்தால் இடுப்பு போய்விடும் என்றாலும்.

அரபிக் கடலில் இந்தக் கணக்கே வேறு, தெரியுமில்லையா? பாசி பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கினாலும் மேலடுக்கில் மிதவைப் பிராணிகளின் மொத்த எடை பெரிதாக மாறுவதில்லை. பாசி குறைகிற மாதங்களில் பாக்டீரியாவைத் தின்னும் நுண்ணுயிர்களைத் தின்று பிழைத்துக்கொள்கின்றன என்று கடலாய்வாளர் மதுபிரதாப்பின் குழு 1996இல் எழுதியது. வெள்ளாற்றில் அப்படி யாராவது அடித்தண்ணீரையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரலில் வருகிறேன் என்றாய். 15ஆம் தேதி தடைக்காலம் தொடங்கிவிடும், விசைப்படகு மீன் கிடைக்காது, முன்னாலேயே வா. சென்னாக்குன்னி கேட்டிருந்தாய், வெயில் வந்ததும் காயவைத்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வரும்போது உன் பழைய நோட்டுப் புத்தகங்களையும் எடுத்து வா. நவம்பர் பக்கங்களில் எந்த ஆழம் என்று எங்காவது குறித்து வைத்திருக்கிறாயா பார்.

உன்,
பழைய படகுத் தோழன்