செபம் வேறு, அடியில் அச்சடித்த வாக்குறுதி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வாசகர் பகுதியில் ஒருவர், “ஆயர் அனுமதி பெற்ற செபப் புத்தகத்தில், ‘இதைச் சொன்னால் இன்ன பலன் கிடைக்கும்’ என்ற வாக்குறுதிகளும் இருக்கின்றன. அப்படியானால் அவற்றை அப்படியே நம்பலாம்தானே?” என்று கேட்டிருந்தார். கொடைக்கானல் மலையில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள் நான். எங்கள் அன்பியக் கூட்டங்களிலும் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டங்கள்) இதே கேள்வி வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

விசுவாசத்துக்கோ ஒழுக்கத்துக்கோ விரோதமானது எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை என்பதற்குத்தான் ஆயரின் அனுமதி. உள்ளே சொல்லியிருக்கும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் அவர் சாட்சி கொடுத்ததாக ஆகாது. செபமாலையின் பதினைந்து வாக்குறுதிகளையே பாருங்கள். மாதா அவற்றைப் புனித சாமிநாதருக்கும் (டொமினிக்), அவரது சபைத் துறவி ஆலன் தே லா ரோஷுக்கும் அருளியதாகப் போட்டிருப்பார்கள். சாமிநாதர் இறந்தது 1221-இல், ஆலன் இறந்தது 1475-இல். நடுவில் 250 ஆண்டு இடைவெளி. சாமிநாதர் காலத்து ஆவணங்களில் இந்த வாக்குறுதிகளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இதனால் செபமாலைக்கு ஒரு குறையும் வந்துவிடாது. நானும் தினமும் சொல்கிறேன், சாகும்வரை சொல்வேன். ஆனால் அந்தப் பட்டியலை நற்செய்தி வசனம் போலப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்க மாட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க, இங்கே கோயில் கொண்டிருக்கும் சலேத் மாதாவின் வரலாறே போதும். பிரான்சில் லா சலேத் மலையில் 1846 செப்டம்பர் 19 அன்று மாக்சிமின், மெலானி என்ற இரண்டு பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். கிரெனோபிள் ஆயர் உடனே மணி அடித்துக் கொண்டாடவில்லை. ஐந்து ஆண்டு விசாரித்து, 1851-இல்தான் அதை ஏற்றார். பிற்பாடு, 1879-இல், நடுவயதை எட்டிவிட்ட மெலானி ஒரு நீண்ட ‘இரகசியத்தை’ப் புத்தகமாக வெளியிட்டார். அதைப் பற்றி எழுதவோ விவாதிக்கவோ கூடாது என்று 1915-இல் ரோமாபுரி, அதாவது திருச்சபைத் தலைமை, தடுத்தது. 1923-இல் அதன் மறுபதிப்பு தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ந்தது. காட்சியை ஏற்ற அதே திருச்சபை, அதைக் கண்டவர் பின்னால் எழுதியதை ஏற்கவில்லை. சலேத் கோயிலுக்குப் போய்வரும் நாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றிருக்க வேண்டாமா?

இப்போது எங்கள் பக்கம் பரவியிருக்கும் சூசையப்பர் (இயேசுவின் வளர்ப்புத் தந்தை புனித யோசேப்பு) செபத் தாளுக்கு வருகிறேன். காட் ரோட்டில் வேன் ஓட்டும் பிள்ளைகள் அதை லேமினேட் செய்து ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். செபம் உண்மையிலேயே அருமையானது. அதோடு சேர்த்து இப்படி அச்சடித்திருக்கிறது: இந்தச் செபம் கி.பி. 50-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. 1505-இல், போருக்குப் புறப்பட்ட சார்லஸ் பேரரசருக்குப் பாப்பரசர் இதை அனுப்பினார். இதை வாசிப்பவரும் கேட்பவரும் கையில் வைத்திருப்பவரும் திடீர் மரணம் அடையமாட்டார்கள், தண்ணீரில் மூழ்கமாட்டார்கள், அவர்களுக்கு விஷம் ஏறாது. அந்தப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் என்றால், அவர் பிறந்ததே 1500-இல். 1505-இல் அவருக்கு வயது ஐந்து. அவர் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1519-இல். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் ஒன்று போதும், இதைச் சரிபார்க்க. ஆனால் தேதிப் பிழையைவிட என்னை அதிகம் வருத்துவது ‘கையில் வைத்திருந்தாலே போதும்’ என்ற வரிதான். உள்ளத்தின் பக்தியை விட்டுவிட்டு வெளிச்செயலுக்கே பலன் உண்டு என்று நம்புவது மூடநம்பிக்கை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2111) தெளிவாகச் சொல்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிற பையனுக்குச் சூசையப்பரின் துணை வேண்டும், சரி. பிரேக்கும் நிதானமும் வேண்டும் என்பதை அந்தத் தாள் மறக்க வைத்துவிடக் கூடாது.

சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தின் பெயரில் வழங்கும் பதினைந்து செபங்கள் விஷயத்தில் இவ்வளவு ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. ஓர் ஆண்டு சொன்னால் குடும்பத்தில் பதினைந்து ஆன்மாக்கள் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து (மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் தூய்மையாகும் நிலை) மீட்கப்படும் என்று தொடங்கும் அந்த வாக்குறுதிகளின் தெய்வீகத் தோற்றம் நிரூபிக்கப்படவில்லை, அவற்றைக் கொண்ட நூல்களை அச்சிட அனுமதிக்க வேண்டாம் என்று 1954-லேயே ரோமாபுரி ஆயர்களுக்கு எழுதிவிட்டது. இன்னும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துத் தள்ளிவிடவும் கூடாது. தொடர்ந்து ஒன்பது மாதம் முதல் வெள்ளியன்று நற்கருணை வாங்குபவருக்கு நல்ல மரணம் கிடைக்கும் என்ற ஒன்பது முதல் வெள்ளி பக்திக்கு மூலம் இருக்கிறது. அது பிரான்சு நாட்டுக் கன்னியாஸ்திரி புனித மார்கரீத் மரியாளின் சொந்தக் கடிதத்தில் வருகிறது. அங்கேயும் அவர், ‘நான் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை என்றால்’ என்ற பொருளில் ஒரு வார்த்தை சேர்த்துத்தான் எழுதினார். நம் வீடுகளில் தொங்கும், இயேசுவின் திருஇருதயத்தின் பன்னிரண்டு வாக்குறுதிப் பட்டியல் அவர் அப்படியே எழுதி வைத்தது அல்ல. அவருடைய எழுத்துகளிலிருந்து பிற்காலத்தில் திரட்டிச் சுருக்கியது. அமெரிக்காவில் டேட்டன் நகரத்து வணிகர் பிலிப் கெம்பர் 1882-இல் அதைப் பல மொழிகளில் அச்சடித்துப் பரப்பினார்.

இந்த வேறுபாடு தெரியாததால் வரும் வேதனையை நேரில் பார்த்திருக்கிறேன். பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா தவறாமல் முதல் வெள்ளி பூசைக்கு வந்துகொண்டிருந்தார். எட்டாவது வெள்ளியன்று மழையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. மறுவாரம் என்னைத் தேடி வந்து, “டீச்சர், எட்டாவது வெள்ளி விட்டுப்போச்சு. இனி எனக்கு நல்ல மரணம் கிடைக்காதா?” என்று கேட்டு அழுதார். நற்கருணை வாங்க ஆசைப்பட்டு, ஈரச் சேலையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த பெண் அவர். இயேசுவின் திருஇருதயம் வருகைப் பதிவேடு பார்த்துக் கதவடைக்கும் இருதயம் என்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேறு யாருமில்லை, நாம்தான். பலனை மட்டும் பெரிய எழுத்தில் போட்டோம். மனந்திரும்புதலையும் அன்பையும் சொல்லாமல் விட்டோம்.

தனி ஒருவருக்குக் காட்சியாக வந்த ‘தனி வெளிப்பாடு’ எதுவானாலும் அது விசுவாசக் கருவூலத்தை, அதாவது எல்லாரும் நம்பவேண்டிய போதனையை, சேர்ந்ததல்ல என்று அதே மறைக்கல்வி நூல் (எண் 67) சொல்கிறது. காட்சிகள் போன்ற நிகழ்வுகளை ஆராய 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட புதிய வழிமுறைகளின்படி, ஆயர் ஒரு நிகழ்வுக்குத் தடையில்லை என்று சொன்னாலும், அது தெய்வீகத் தோற்றம் கொண்டது என்ற உறுதிமொழியாகாது. திருச்சபையே இவ்வளவு நிதானமாகப் பேசும்போது, ஜெராக்ஸ் கடையிலிருந்து வரும் தாள் மட்டும் ஏன் இவ்வளவு அடித்துப் பேசுகிறது?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். செபங்களை வெளியிடும்போது அவை யார் எழுதியவை, எந்த ஆண்டில், எந்த நூலில் வந்தவை என்று கீழே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். மூலம் தெரியாத வாக்குறுதி என்றால் செபத்தை மட்டும் போடுங்கள். அப்புறம், ஆகஸ்ட் 14, 15 சலேத் திருவிழாவுக்குக் கீழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் மலையேறி வருவார்கள். இந்தத் தாள்கள் அதிகம் கைமாறுவதும் அப்போதுதான். அதற்கு முந்தைய இதழில், இந்த விஷயம் தெரிந்த குருவானவர் ஒருவரிடம் எளிய நடையில் ஒரு கட்டுரை வாங்கிப் போட்டால் பங்குகளில் வாசித்துக் காட்ட உதவும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
கொடைக்கானல்